பங்குனி வெயிலில் பெட்டி திறக்கும் தம்பிகளுக்கு

படாளத்தைச் சுற்றி வேம்பு பூக்கும் பங்குனி, சித்திரையில் முதல் தேனீப் பெட்டியோடு நிற்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

1. நம் இந்தியத் தேனீயோடு தொடங்குங்கள். அதன் அளவுக்கென்றே நூறாண்டுக்கு முன் திருச்சியில் நியூட்டன் பாதிரியார் வடிவமைத்த பெட்டி போதும். இத்தாலியத் தேனீயைப் பிறகு பார்க்கலாம்.

2. முதலில் நிழல். இந்தியத் தேனீக்கு ரோஷம் அதிகம். சூடு தாங்காவிட்டால் அடையைப் போட்டது போட்டபடி விட்டு மொத்தக் கூட்டமும் ஓடிவிடும். தகரக் கொட்டகை வேண்டாம், புங்கமரத்தடியில் வையுங்கள். உச்சிவெயிலில் மூடிமேல் ஈரச் சாக்கு போடுங்கள்.

3. அடுத்தது தண்ணீர். புழு வளரும் அடை 35 டிகிரி அளவிலேயே இருக்கவேண்டும். அதற்காகத் தேனீ நீர் சுமந்துவந்து அறைகளில் பூசி இறக்கையால் விசிறும். பாலாறு வெறும் மணலாகக் கிடக்கையில் நீருக்கு எங்கே போகும்? அகன்ற மண்சட்டியில் கூழாங்கல் பரப்பி, கல் முழுகாத அளவுக்கு ஊற்றி, தினமும் மாற்றுங்கள். வெயில் ஏறுமுன்பே வைத்துவிட வேண்டும். ஓரிடம் பழகிவிட்டால் தேனீ லேசில் மாறாது. (ஜி.எஸ்.டி. ரோட்டுக் கரும்புச்சாறு டம்ளரில் விழுந்து சாவது வேறு ஆசையால். அதற்கு என்னிடம் மருந்தில்லை.)

4. வாரம் ஒருமுறை, காலையிலேயே திறந்து பாருங்கள். ராணியைத் தேடி அலையாதீர்கள், முட்டையைத் தேடுங்கள். அறைக்கு ஒரு முட்டை இருந்தால் ராணி நலம். நாலைந்து கிடந்தால் ராணி இல்லை, வேலைக்காரத் தேனீயே இடத் தொடங்கிவிட்டது. அடையின் அடி விளிம்பில் வேர்க்கடலை போல ஏதாவது தொங்கினால் அது ராணி அறை. முட்டையிலிருந்து புது ராணி வெளிவர ஏறக்குறைய 16 நாள். ஆனால் அறையை மூடும் சமயத்திலேயே பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். புதியவர்கள் பதறிப்போய் எல்லா அறையையும் கிள்ளிவிடுகிறார்கள். பழைய ராணி போனபின் கிள்ளினால் கூட்டமே அழியும். ராணி இருக்கும்போதே இரண்டு மூன்று சட்டங்களோடு அதைப் புதுப் பெட்டிக்கு மாற்றி, பழையதில் நல்ல ராணி அறை ஒன்றை மட்டும் விடுங்கள். ஒன்று இரண்டாகும்.

5. எறும்புக்கு, தாங்கிக் கால்களின் கீழ் நீர்க் கிண்ணம். மெழுகுப் பூச்சிக்கு, தேனீ மூடாத பழைய அடையை உடனே எடுத்துவிடுவது.

6. மதுராந்தகம், செய்யூர் பக்கத்துத் தர்பூசணிக்காரரோடு பேசிவையுங்கள். அந்தப் பூ காலையில் விரிந்து மதியத்துக்கெல்லாம் வாடிவிடும். தேனீ வராவிட்டால் காய் பிடிக்காது. மருந்தடிப்பதைச் சாயங்காலத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள். சண்டை போட்டால் கேட்கமாட்டார், ஒரு பாட்டில் தேனோடு போங்கள்.

7. தேன் அறையில், தேனீ முக்கால்வாசி மெழுகால் மூடிய சட்டங்களை மட்டும் எடுங்கள். மூடாத தேனில் ஈரம் அதிகம், புளித்துப்போகும். வேப்பந்தேன் சற்றுக் கசக்கும். அதைச் சொல்லியே விற்கலாம். புழு அறைத் தேன் தேனீக்களின் சாப்பாடு, தொடாதீர்கள்.

8. கத்திரி வெயிலில் பூ குறைந்து பெட்டி எடை இறங்கினால், தேன் அறையைக் கழற்றிவிட்டுச் சர்க்கரைப் பாகு கொடுங்கள், அந்தி சாய்ந்தபின், பெட்டிக்குள்ளேயே. வெளியே சிந்தினால் பக்கத்துக் கூட்டம் கொள்ளையடிக்க வரும். நம் ஊரில் சர்க்கரை ஆலை இருக்கிறதென்று பாகு ஊற்றியே அடையை நிரப்பி விற்கும் யோசனை யாராவது சொல்வார்கள். அது தேனல்ல, விற்காதீர்கள்.