"மறுபடி எப்ப வருவீங்க?" – சேவையை அளப்பது எப்படி?



போன தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஜார்ஜ் டவுனில் ஒரு முதியோர் இல்லத்துக்கு எங்கள் குழு போனது. பஜனை பாடினோம், பலகாரம் கொடுத்தோம், படம் எடுத்தோம். அறிக்கை எழுதியது நான்தான்: "இளைஞர்கள் 18, முதியோர் 30, பலகாரப் பை 30. நிகழ்ச்சி வெற்றி."

கிளம்பும்போது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மறுபடி எப்ப தம்பி வருவீங்க?" என்று கேட்டார். "சீக்கிரமே வர்றோம் பாட்டி" என்றேன். பிறகு பரீட்சை வந்தது, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் வேலை வந்தது. நான்கு மாதம் கழித்துத்தான் போக முடிந்தது. அங்கே வேலை செய்யும் அக்கா சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஆனா பாட்டி வாசல் பக்கம் வந்து உட்கார்ந்துடுவாங்க. அப்புறம் அவங்களே விட்டுட்டாங்க."

என் அறிக்கையில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

ஒரு பழைய ஆய்வு

நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்களை வைத்தே இதை ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். அமெரிக்காவின் வட கரோலினாவில் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்பவர் ஒரு முதியோர் இல்லத்தில் 40 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார். முதல் பிரிவினர், மாணவர் எப்போது வரவேண்டும், எவ்வளவு நேரம் இருக்கவேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள். இரண்டாம் பிரிவினருக்கு, வரும் நேரம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. மூன்றாம் பிரிவினரிடம் மாணவர்கள் சொல்லாமல் திடீரென்று போனார்கள். நான்காம் பிரிவினரிடம் யாரும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், முதல் இரண்டு பிரிவினரின் உடலும் மனமும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தன. திடீர் வருகைக்கு அந்தப் பலன் இல்லை. இது 1976-இல் வெளிவந்தது.

கதை அதோடு முடியவில்லை. வருகை நின்ற பிறகும் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 1978-இல் வெளிவந்த முடிவு இதுதான்: முன்பு நன்றாகத் தேறிய அந்த இரண்டு பிரிவினரே பின்னர் சரிந்தார்கள். மற்ற இருவருக்கும் அப்படியொரு சரிவு இல்லை. இரண்டாவது மாதத்தோடு அளப்பதை நிறுத்தியிருந்தால் இந்தச் சரிவு யாருக்கும் தெரிந்திருக்காது.

நாம் எப்படி அளக்கலாம்?

பொறியியல் ஆய்வுக்கூடத்தில் முதல் பாடமே, தொடக்க அளவு இல்லாமல் மாற்றத்தைச் சொல்ல முடியாது என்பதுதான். அதனால்:

1. போகுமுன் கேளுங்கள். தனிமையை அளக்க 2004-இல் வெளிவந்த எளிய முறை ஒன்று உண்டு. மூன்றே கேள்விகள்: பேச்சுத்துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? ஒதுக்கப்பட்டதாக? தனித்துப்போனதாக? அரிதாக என்றால் 1, சில நேரம் 2, அடிக்கடி 3. மொத்தம் 3 முதல் 9 வரை வரும். கூடக்கூடத் தனிமை அதிகம். படிவத்தை நீட்டாமல், பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

2. ஒப்பிடுங்கள். பண்டிகைக் காலத்தில் எல்லாருக்கும் மனம் லேசாகும். அது நம்மால்தானா? பாதிப் பேரை இந்த மாதமும் மீதிப் பேரை அடுத்த மாதமும் சந்திக்கத் தொடங்கினால் வித்தியாசம் தெரியும்.

3. நம்மையும் அளப்போம். முதியோரைப் பற்றி நம் எண்ணம் மாறியதா? எத்தனை பேரின் பெயர் நினைவிருக்கிறது?

4. பிறகும் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே கேள்விகள்.

அளப்பது அகங்காரமா?

"பலனை எதிர்பார்க்காமல் செய்வதுதானே கர்மயோகம், பிறகு எதற்குக் கணக்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. நமக்கு வரும் பலனைத்தான் எதிர்பார்க்கக் கூடாது. பாட்டிக்கு என்ன ஆனது என்று பார்ப்பது நம் கடமை. மருந்து கொடுத்த மருத்துவர் மறுபடி ரத்த அழுத்தம் பார்ப்பது புகழுக்காகவா?

இப்போது நாங்கள் ஐந்து பேர், மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்குப் போகிறோம். தேதியைச் சுவர் நாட்காட்டியில் பாட்டியே வட்டமிடுகிறார். எங்களால் வர முடியாத மாதத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

குழுவில் பேச:
- உங்கள் கடைசி சேவை அறிக்கையில் எது எண்ணப்பட்டது, எது விடுபட்டது?
- ஒரு வருடம் தொடர முடியாத எதையாவது நாம் தொடங்கியிருக்கிறோமா?
- நாம் போவதை நிறுத்தினால், யாரிடம் நேரில் சொல்லவேண்டும்?