கறிவேப்பிலையில் தொடங்குங்கள்

இயற்கை அங்காடிக்குள் நுழைந்து, விலையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் குடும்பங்கள் நிறைய. ‘அதெல்லாம் காசு இருக்கிறவங்களுக்கு’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், பிள்ளைகளுக்கு விஷத்தைக் கொடுத்துவிடுவோமோ என்று பயந்து மளிகைப் பட்டியல் முழுவதையும் ஆர்கானிக்காக மாற்றி, மாதக் கடைசியில் திணறுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பையும் தவறான சில நம்பிக்கைகள்தான் ஆட்டிவைக்கின்றன.

நம்பிக்கை: மாறினால் முழுசாக மாற வேண்டும். கொஞ்சமாக வாங்கிப் பயனில்லை.

எல்லாப் பயிருக்கும் ஒரே அளவில் மருந்து அடிப்பதில்லை. கத்தரியைத் தண்டு, காய்த்துளைப்பான் புழு விடாமல் தாக்கும்; காய் பறிக்கும் நாட்களில்கூட மருந்தடிப்பு நிற்காது. காலிஃபிளவர், திராட்சை, பச்சை மிளகாய், வெண்டை எல்லாம் இதே வரிசைதான். நாம் காசு கொடுக்காமல் கொசுறாகக் கேட்டு வாங்கும் கறிவேப்பிலையின் கதை இன்னும் மோசம். மருந்து எச்சத்துக்காக எல்லையிலேயே சோதிக்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் இந்தியக் கறிவேப்பிலையை ஐரோப்பிய ஒன்றியம் பல ஆண்டுகள் வைத்திருந்தது. தினமும் தாளிப்பில் விழும் இலை அது. ரசத்திலும் சட்னியிலும் அரைத்தே சாப்பிடுகிறோம். வாசலில் ஒரு தொட்டி, ஒரு செடி, அரிசி கழுவிய தண்ணீர் இருந்தால் போதும். அந்தக் கவலை தீர்ந்தது. இதைவிட மலிவான இயற்கை உணவு கிடையாது.

மறுபக்கம் பாருங்கள். சாமை, வரகு, குதிரைவாலி எல்லாம் பெரும்பாலும் மானாவாரியில், பெரிதாக உரமோ மருந்தோ இல்லாமல் விளைபவை. அவற்றுக்கு ‘ஆர்கானிக்’ முத்திரைக்காக இரண்டு மடங்கு விலை கொடுப்பது வீண். வெள்ளை வெளேரென்று தீட்டாததாகப் பார்த்து வாங்குவதுதான் முக்கியம். தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடும். வீட்டு முருங்கையில் ஒடித்த கீரைக்கும், கொல்லையில் படர்ந்த சுரைக்கும் யாருடைய சான்றிதழும் வேண்டாம். மிச்சமாகும் பணத்தைக் குழந்தைகள் விரும்பித் தின்னும் திராட்சைக்கும், வாரம் இருமுறை சமைக்கும் கத்தரிக்காய்க்கும் செலவிடுங்கள்.

நம்பிக்கை: மரச்செக்கு எண்ணெய், நாட்டுச்சர்க்கரை, பாரம்பரிய அரிசி என்றாலே ஆர்கானிக்.

இந்த மூன்றிலும்தான் அதிகம் ஏமாறுகிறோம். செக்கு என்பது ஆட்டும் முறை மட்டுமே. ஆட்டிய கடலை எந்த நிலத்தில், எப்படி விளைந்தது என்பதை அது சொல்லாது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். கடைத்தெருவில் பருப்பு விற்கும் விலையை இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள். பாட்டில் விலை அதைவிடக் குறைவாக இருந்தால் உள்ளே வேறு எண்ணெய் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படத்தான் வேண்டும். நல்ல பருப்பை நீங்களே பார்த்து வாங்கி, கூலி கொடுத்து ஆட்டிக்கொண்டால் என்ன கலந்தார்கள் என்ற கேள்வியே எழாது, புண்ணாக்கும் உங்களுக்கே. பூஞ்சை பிடித்த, சுருங்கிய பருப்பை மட்டும் கண்டிப்பாகப் பொறுக்கிப் போட்டுவிடுங்கள். அதில் உருவாகும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. செக்கில் ஆட்டினால் அது போகாது, இயற்கையாக விளைந்த கடலையையும் அது விட்டுவைக்காது.

நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்களுக்கு அதில் தனிச் சலுகை எதுவும் இல்லை. மாப்பிள்ளை சம்பா போன்ற உயரமான நெல்லுக்கு யூரியாவை அள்ளிக் கொட்டினால் பயிர் சாய்ந்துவிடும். அதனால் உரம் குறைவாகவே போடுவார்கள். ஆனால் பூச்சிமருந்தே அடிக்கவில்லை என்பதற்கு ரகத்தின் பெயர் உத்தரவாதம் ஆகாது.

நம்பிக்கை: காயில் புழு இருந்தால் மருந்து அடிக்காதது.

மருந்து அடித்தும் சாகாத புழுவாகவும் இருக்கலாம். சொத்தைக் காய்க்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை: உழவர் சந்தையில் வாங்கினால் இயற்கைக் காய்தான்.

1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம், இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேரடியாக விற்பதற்காக வந்தது. அங்கே வரும் காய்களில் பெரும்பாலானவை வழக்கமான ரசாயன விவசாயத்தில் விளைந்தவையே. ஆனாலும் அங்கே போங்கள். விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ‘அண்ணே, பூச்சி வந்தா என்ன பண்ணுவீங்க?’ என்று கேளுங்கள். இயற்கையில் விளைவிப்பவர் ஐந்திலைக் கரைசல், வேப்பங்கொட்டைக் கரைசல், இனக்கவர்ச்சிப் பொறி என்று நிறுத்தாமல் பேசுவார். ‘நம்ம தோட்டத்துக்குப் பூச்சியே வராதும்மா’ என்று சொல்பவரிடம் கொஞ்சம் யோசித்து வாங்குங்கள்.

நம்பிக்கை: சான்றிதழ் இல்லாவிட்டால் போலி.

பாக்கெட்டில் அடைத்து ‘ஆர்கானிக்’ என்று விற்பவருக்கு 2017-ஆம் ஆண்டின் மத்திய விதிமுறைப்படி சான்று வேண்டும். ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைத் தேடுங்கள். ‘நேச்சுரல்’, ‘ஃபார்ம் ஃப்ரெஷ்’ என்ற சொற்கள் எதற்கும் சான்றாகாது. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சோதித்துச் சான்றளிக்கும் பி.ஜி.எஸ். முறையும் உண்டு, அதில் ‘கிரீன்’ என்று இருந்தால் நிலம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு விவசாயி நேரடியாக உங்களிடம் விற்றால் அவருக்குச் சான்று கட்டாயமில்லை. அந்த விவசாயியைப் போலி என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். நாலைந்து வீடுகள் சேர்ந்து அவரிடம் ஒரு மூட்டை அரிசி வாங்கிப் பிரித்துக்கொண்டால் கடை விலையை விடக் கணிசமாகக் குறையும்.

நம்பிக்கை: உப்பும் மஞ்சளும் போட்ட நீரில் ஊறவைத்தால் மருந்தெல்லாம் போய்விடும்.

தோலின் மேல் ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி போகும். ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுவதே பெரிய உதவி. ஆனால் இமிடாக்ளோபிரிட் போன்ற மருந்துகள் செடிக்குள்ளேயே ஊடுருவிப் பாய்பவை. அவற்றை எந்தத் தண்ணீரும் எடுக்காது.

நம்பிக்கை: ஆர்கானிக் வாங்க முடியாவிட்டால் காய்கறியைக் குறைத்துக்கொள்வதே மேல்.

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2012-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆர்கானிக் விளைபொருளில் மருந்து எச்சம் இருக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் வைட்டமின்களில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. சாதாரணக் கடைக் கீரையிலும் சத்து இருக்கிறது. ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் வேண்டும் என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நம் தட்டில் அதில் பாதியாவது விழுகிறதா என்று முதலில் பாருங்கள். ஆர்கானிக் வாங்கக் காசு இல்லாத வாரத்தில் சாதாரணக் காயையே நன்றாகக் கழுவி, வயிறாரச் சாப்பிடுங்கள்.