கேமராவை எடுப்பதற்கு முன்

கண்ணு, ஆவணப்படம் எடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். மனசு நிறைந்துவிட்டது. எந்தக் கேமரா வாங்கலாம் என்பதை உன் வயதுக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். வேறு சிலவற்றை நான் சொல்கிறேன்.

1. முதலில் போய்ச் சும்மா உட்கார். தூய்மைப் பணியாளர்களைப் பற்றி எடுக்கிறாய் என்றால், விடியுமுன் அவர்கள் கூடும் இடத்துக்குப் போ. மேஸ்திரி யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறார், யாரை 'ஏய்' என்கிறார் என்று கவனி. அந்தக் கூப்பிடுதலிலேயே பாதிச் சாதி தெரிந்துவிடும்.

2. பெரிய விஷயத்தைச் சின்ன இடத்தில் பிடி. அமுதன் ஆர்.பி. 2003-இல் எடுத்த 'பீ' படத்தைப் பார். மதுரையில் ஒரு தெரு, அங்கே மலம் அள்ளும் ஒரு பெண், அவ்வளவுதான். கையால் மலம் அள்ள வைப்பதற்கு எதிரான சட்டம் 1993-லேயே வந்துவிட்டது என்பதை நினைத்துக்கொண்டு பார்.

3. பொறுமை வேண்டும். ஆனந்த் பட்வர்தன் 1985-இல் எடுத்த 'பம்பாய் அவர் சிட்டி'யில் விலாஸ் கோக்ரே என்ற பாடகர் பாடியிருப்பார். 1997-இல் மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டார்கள். திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 10 பேர் செத்தார்கள். அந்தத் துயரம் தாங்காமல் விலாஸ் தூக்கில் தொங்கினார். தன் படத்தில் பாடியவர் ஏன் செத்தார் என்று தேடிப் போன பட்வர்தன், 14 வருஷம் எடுத்துக்கொண்டார். அதுதான் 'ஜெய் பீம் காம்ரேட்'. பழைய படம் முடிந்ததோடு பழக்கம் முடியவில்லை, பார். அவசரக்காரன் கண்ணுக்கு அழுகை தெரியும், ஆள் தெரியாது.

4. உன்னைக் கேள்வி கேட்பவரை வெட்டாதே. அதே 1985 படத்தில், எங்களைப் படம் பிடித்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு பெண் இயக்குநரையே மடக்குவார். என்னிடமும் ஒரு அம்மா கேட்டார்: "எடுத்துட்டு நீ போயிருவே சாமி, மேஸ்திரி நாளைக்கும் வருவாரே?" இன்றுவரை ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னும் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

5. இழவு வீட்டில் முதலில் மனுஷனாக இரு. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. பல வீடுகளுக்கு இது தெரியாது. ஒருமுறை அப்படியொரு வீட்டுக்கு என்னோடு வந்த ஒலிப்பதிவாளர், மைக் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்தப் பணத்தைக் கேட்பதற்காக இறந்தவரின் தம்பியைக் கூட்டிக்கொண்டு எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கக் கிளம்பிவிட்டார். அன்று ஒரு ஷாட்கூட எடுக்கவில்லை. இந்தத் தொழிலை நான் கற்றது அவரிடம்தான்.

6. தடை வரலாம். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017-இல் வந்தபோது திரையிட அனுமதி மறுத்தார்கள். அவர் யூடியூபில் ஏற்றினார், ஊரே பார்த்தது.

7. முடித்ததும் முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டு. 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம். ஆனால் தங்கள் வேலையின் ஒரு பகுதியைத்தான் அது காட்டுகிறது என்று, அதில் வரும் 'கபர் லஹரியா' செய்தி நிறுவனத்துப் பெண்களே அறிக்கை விட்டார்கள். அதனால் தெருவில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போடு, அவர்களோடு தரையில் உட்கார். யாராவது "என் முகம் வேணாம்" என்றால் ஏன் என்று கேட்காதே, படத்திலிருந்து வெட்டிவிடு. மறுநாள் அவர் அந்த மேஸ்திரியிடம்தான் வேலைக்குப் போயாக வேண்டும்.