பதினாறு பேர் கூட்டினால் ஏன் தாமதமாகிறது?

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவு, என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை என்னிடம் கணக்குப் படித்தவள். இப்போது பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. “சார், பெங்களூருல நடக்குற ஹைபிசி மாநாட்டுல என் போஸ்டரை எடுத்துக்கிட்டாங்க. நான் பேசிக் காட்டுறேன், நீங்க கேட்டுச் சொல்றீங்களா?” என்றாள்.

எனக்குக் கணினி பற்றித் தெரிந்தது எமிஸ் தளத்தில் வருகை பதிவு செய்யும் அளவுக்குத்தான். இதைச் சொன்னதும் அவள் விடவில்லை. “தெரியாதவங்களுக்குப் புரிஞ்சாத்தான் சார் எனக்குத் தைரியம் வரும்” என்றாள். அப்படித்தான் நான் அந்த மாநாட்டுக்குள் ஓர் ஓரமாக நுழைந்தேன்.

ஹைபிசி என்பது உயர்திறன் கணினியியல் பற்றிய பன்னாட்டு மாநாடு. 1990களின் நடுவிலிருந்து டிசம்பர் மாதத்தில், பெரும்பாலும் இந்திய நகரம் ஒன்றில் நடந்து வருகிறது. 1998இல் சென்னையில் நடந்தது. புயலின் பாதையைக் கணிப்பது, மருந்து மூலக்கூறுகளை ஆராய்வது போன்ற பெரிய கணக்குகளை ஒரே பிராசஸரிடம் கொடுத்தால் மாதக் கணக்கில் ஆகும். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆயிரக்கணக்கான பிராசஸர்களிடம் ஒரே நேரத்தில் கொடுப்பதுதான் இத்துறையின் வேலை. ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்கள் மட்டுமே அங்கே போக முடியும் என்று நான் நினைத்திருந்தேன். மாணவர்களுக்கென்றே தனி ஆய்வரங்கு உண்டு, பயிலரங்குகள் உண்டு. செய்த வேலையை ஒரு பெரிய தாளில் அச்சிட்டு மாட்டி, அதன் அருகில் நின்று, வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும். நம் அறிவியல் கண்காட்சி மாதிரிதான்.

அவளுடைய வேலை, செயற்கைக்கோள் படத்தில் ஏரி குளங்களின் நீர்ப்பரப்பைக் கணக்கிடும் நிரல். படத்தை ஒரு கோர் தனியாகப் பார்த்தால் 96 நொடி. 8 கோர்கள் பகிர்ந்துகொண்டால் 17 நொடி. இதுவரை சரியாகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “16 கோர் போட்டா 21 நொடி ஆகுது சார். கூடிடுச்சு. அந்த வரிசையைப் போஸ்டர்ல இருந்து எடுத்துடலாம்னு இருக்கேன்.”

எனக்குச் சுருக்கென்றது. அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது டம்ளர், வளையல், சைக்கிள் டயர் ஆகியவற்றின் சுற்றளவை நூலால் அளந்து, விட்டத்தால் வகுத்துப் பை மதிப்பைக் காணும் செயல்பாடு செய்தோம். அவளுக்கு ஒரு டம்ளரில் 3.3 வந்தது. “3.14னு எழுதிக்கோம்மா, ரெக்கார்டுல அழகா இருக்கும்” என்று சொன்னவன் நான்தான். அவள் அழித்து எழுதினாள். அந்த அழிப்பானைத்தான் இப்போது போஸ்டருக்கும் தேடுகிறாள். அவளுக்கு அது நினைவிருந்ததா என்று நான் கேட்கவில்லை.

“எடுக்காதே. ஏன் கூடுதுன்னு முதல்ல பார்ப்போம்” என்று மட்டும் சொன்னேன். ஏன் கூடுகிறது என்று எனக்கும் தெரியாது. மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் செய்து பார்த்தேன்.

64 துண்டுச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஈரிலக்க எண். மொத்தக் கூடுதல் என்னிடம் மட்டும் இருந்தது. சீட்டுகளை என் மேசையில் வைத்தேன். கூட்டுபவர்கள் வந்து எடுத்துச் சென்று, தம் பங்கைக் கூட்டி, விடையைக் கரும்பலகையருகே நிற்கும் தலைவியிடம் சொல்ல வேண்டும். அவள் அனைத்தையும் கூட்டி இறுதி விடையை எழுதுவாள். ஒரு மாணவன் தனியாகச் செய்தபோது 8 நிமிடம் 32 நொடி. இருவர்: 4 நிமிடம் 43 நொடி. நால்வர்: 2 நிமிடம் 56 நொடி. எட்டுப் பேர்: 2 நிமிடம் 25 நொடி. பதினாறு பேர்: 3 நிமிடம் 2 நொடி.

வகுப்பே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவளுடைய 21 நொடி என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. பதினாறு பேரும் அரை நிமிடத்தில் கூட்டி முடித்துவிட்டார்கள். பிறகு கரும்பலகை முன் வரிசையில் நின்றார்கள். தலைவி ஒருத்தி பதினாறு எண்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக் கூட்டினாள். ஆள் கூடக்கூடக் கூட்டும் நேரம் குறைந்தது, காத்திருக்கும் நேரம் வளர்ந்தது.

“ஏன் எல்லாரும் போர்டுக்கு வரணும் சார்? பக்கத்துல இருக்கறவனோட விடையைச் சேர்த்துக்கிட்டா பாதிப் பேர் உக்காந்துடலாமே” என்றான் கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன். திருப்புதல் தேர்வுகளில் அவன் தேர்ச்சி பெறுவானா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த பையன் அவன். அவன் சொன்னபடியே செய்தோம். பதினாறு எண்கள் எட்டாகி, நான்காகி, இரண்டாகி, ஒன்றாயின. 1 நிமிடம் 50 நொடி. (முதல்முறை விடை தவறாக வந்தது, ஒரு சீட்டு பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. இதைச் செய்கிறவர்கள் சரியான கூடுதலை முன்பே கையில் வைத்திருங்கள்.)

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1967இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த கணினி மாநாட்டில் ஜீன் ஆம்டால் என்ற பொறியாளர் மூன்று பக்கக் கட்டுரை ஒன்றை அளித்தார். ஒரு வேலையில் பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுதான் வேகத்துக்கு எல்லை என்பது அதன் சாரம். பத்து நிமிட வேலையில் ஒரு நிமிடம் பிரிக்க முடியாதது என்று கொள்வோம். மீதி 9 நிமிடத்தை 16 பேருக்குப் பகிர்ந்தால் மொத்தம் 1.5625 நிமிடம், வேகம் 16 மடங்கு அல்ல, 6.4 மடங்குதான். இலட்சம் பேரை வைத்தாலும் 10 மடங்கைத் தாண்டாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளால் போட முடிகிற கணக்கு. அதிலும் ஆட்கள் காத்து நிற்கும் நேரம் சேரவில்லை. அது சேரும்போதுதான் வேகம் குறையவே தொடங்குகிறது.

“சீட்டு நிறைய இருந்தா?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. 1988இல் ஜான் கஸ்டாஃப்சன் சொன்னதும் இதுதான்: ஆட்களைக் கூட்டும்போது வேலையையும் பெரிதாக்கினால், பிரிக்க முடியாத பகுதி சிறுத்துப் போகும். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் 1024 பிராசஸர்களைக் கொண்டு ஆயிரம் மடங்குக்கு மேல் வேகம் காட்டினார்கள்.

அன்றிரவு மாணவியிடம் கரும்பலகைக் கதையைச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, “சார், என் நிரல்ல எல்லாக் கோரும் ஒரே எண்ணிக்கையிலதான் மாறி மாறி எழுதுது. ஒண்ணு எழுதும்போது மத்ததெல்லாம் நிக்குது” என்றாள். தனித்தனியாக எண்ணி, கடைசியில் சேர்க்கும் முறையைக் கல்லூரியில் படித்திருக்கிறாளாம். இங்கே போட வேண்டுமென்று தோன்றவில்லையாம். மாற்றியபின் 16 கோரில் 14 நொடி ஆனது. எதிர்பார்த்த 6 நொடி வரவில்லை. பழைய 21, புதிய 14 இரண்டையும் போஸ்டரில் வைத்தாள்.

பெங்களூருவில் அவள் எதிரே நின்றவர்கள் முதல் வரிசைகளைக் கண்ணால் கடந்துவிட்டு, அந்த 21இல்தான் விரலை வைத்தார்களாம். ஒருவர் மட்டும், மீதி நேரம் எங்கே போகிறது, நினைவகத்திலிருந்து படத்தைப் படிப்பதிலா என்று கேட்டிருக்கிறார். “தெரியலை, இனிமேதான் அளக்கணும்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டேன் சார். கை நடுங்குச்சு” என்றாள். அவர் எப்படி அளப்பது என்று அவளுடைய குறிப்பேட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். பரிசு வேறு யாருக்கோ. அதைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை.

உயர்கல்விக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குச் சில செய்திகளைச் சொல்லி அனுப்பலாம். திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் ‘பரம் பொருள்’ என்ற மீக்கணினி 2022 முதல் இருக்கிறது. அதன் திறன் 838 டெராஃபிளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 இலட்சம் கோடி கணக்கீடுகள். அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் எஸ்.சி. மாநாட்டில் 2007 முதல் மாணவர் கிளஸ்டர் போட்டி நடக்கிறது. ஆறு மாணவர் கொண்ட அணி, ஒரு சிறு மீக்கணினியைத் தாமே அமைத்து, விதித்த மின்அளவைத் தாண்டாமல் 48 மணி நேரம் இயக்க வேண்டும். பட்டம் முடிக்காதவர்களுக்கான போட்டி அது. பள்ளி மாணவர்களும் அணியில் இடம்பெறலாம் என்பது விதி. சில மாநாடுகள் மாணவர்களுக்குப் பயண உதவியும் தருகின்றன. கேட்டால்தான் கிடைக்கும், நம் பிள்ளைகள் கேட்கத் தயங்குவார்கள்.

சீட்டு விளையாட்டுக்கு ஒரு பாடவேளை போதாது, இரண்டு வேண்டும். நேரங்களை வரைபடத்தாளில் குறித்தால் இறங்கி வந்து 16இல் மேலே திரும்பும் கோட்டைப் பிள்ளைகளே பார்ப்பார்கள். இந்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் பை செயல்பாட்டையும் மறுபடி செய்தோம். டம்ளரில் 3.3, வளையலில் 3.1, டயரில் 3.16. மூன்றும் ரெக்கார்டில் அப்படியே இருக்கின்றன. டம்ளரின் வாய் அகலம், அடி குறுகல்; நூலை நடுவில் சுற்றி விட்டத்தை அடியில் அளந்திருக்கிறார்கள் என்று ஒருத்தி கண்டுபிடித்து ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.