அண்ணியின் எடையும் உன் கேள்வியும்

அன்புள்ள யாழினிக்கு,

"எடை ஏறினால் அம்மாவுக்கு மறுபடியும் வந்துவிடுமா அத்தை?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ முடிவதற்குள் அண்ணிக்கு ஆறு கிலோ ஏறியதை நானும் கவனித்தேன். அதில் ஆச்சரியமில்லை. வாந்தி வராமலிருக்கப் போடும் டெக்ஸாமெத்தசோன் பசியைக் கிளப்பிவிடும். எங்கள் வார்டில் நள்ளிரவில் எழுந்து பிஸ்கட் டப்பாவைத் துழாவுகிறவர்கள் உண்டு. பார்க்க வருகிறவர்களோ ஹார்லிக்ஸும் ஆட்டுக்கால் சூப்புமாகத்தான் வருவார்கள்.

எடைக்கும் நோயின் போக்குக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். 2014-இல் 82 ஆய்வுகளைச் சேர்த்து, மார்பகப் புற்றுநோய் வந்த சுமார் 2 லட்சத்து 13 ஆயிரம் பெண்களின் விவரங்களை அலசினார்கள். நோய் தெரியவருவதற்கு முன்பே உடல் பருமனாக இருந்தவர்கள் அந்த நோயாலேயே இறக்கும் வாய்ப்பு, அளவான எடை உள்ளவர்களைவிட 35 சதவீதம் கூடுதல். எண்ணைப் பார்த்து மிரளாதே. நூறு பேரில் 35 பேர் என்று இதற்கு அர்த்தமில்லை. அளவான எடை உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், பருமனானவர்களில் அது பதின்மூன்று, பதினான்கு ஆகும். எடை மிகக் குறைந்தவர்களிடமும் இறப்பு சற்றுக் கூடுதலாகத்தான் இருந்தது. இதை மட்டும் உன் பாட்டி காதில் போட்டுவிடாதே; நெய்ச்சோறு பிசைய ஆரம்பித்துவிடுவார்.

பருமனால் ஆபத்து கூடுவதற்குக் காரணம் பல. மாதவிடாய் நின்ற பிறகும் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் அடியோடு வற்றிவிடுவதில்லை. கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோன்களை அது ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அண்ணி சாப்பிடும் லெட்ரோசோல் மாத்திரை முடக்குவது இந்த நொதியைத்தான். கொழுப்பு கூடும்போது இன்சுலினும் அழற்சியும் கூடும். இரண்டுமே கட்டி வளரத் துணைபோகக்கூடியவை.

ஆனால் பழி முழுவதையும் உடம்பின் மேல் போட நான் சம்மதிக்க மாட்டேன். எடை அதிகமுள்ள பெண்களுக்கு முழு அளவு கீமோ கொடுத்தால் தாங்க மாட்டார்கள் என்று பயந்து, மருந்தைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. உண்மையான எடைக்கே கணக்கிட வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2012-இல் வழிகாட்டுதல் வெளியிட வேண்டியிருந்தது. அதற்கு முன் எத்தனை பேருக்கு அரைகுறை சிகிச்சை கிடைத்ததோ!

சரி, எடையைக் குறைத்தால் பலன் உண்டா? அமெரிக்காவில் நடந்த இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன். 2,437 பெண்கள் கலந்துகொண்ட ஒன்றில், ஒரு பகுதியினர் உணவில் கொழுப்பைக் குறைத்தார்கள், எடையும் கொஞ்சம் இறங்கியது. அவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்ததாக 2006-இல் வெளியானது. சுமார் 3,000 பேரை வைத்து நடந்த மற்றொன்றில் காய்கறி, பழங்களைக் கூட்டினார்கள். எடை இறங்கவில்லை, நோய் திரும்புவதிலும் வித்தியாசமில்லை. எடைதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடிய தடயமும் அல்ல.

ஆகவே பட்டினி வேண்டாம். கீமோவுக்குப் பிறகு தசை கரைந்து கொழுப்பு ஏறியிருக்கும். எடைக் கருவி இரண்டையும் பிரித்துக் காட்டாது. பட்டினி கிடந்தால் மிச்சமிருக்கும் தசையும் போய்விடும். பருப்பு, முட்டை, மீன் தட்டில் இருக்கட்டும். சோற்றின் அளவு குறையட்டும். மாலையில் நீயும் கூடவே நட. டாக்டரைக் கேட்டுக்கொண்டு லேசான எடை தூக்கும் பயிற்சியும் செய்யலாம்.

மூட்டு வலிக்கிறது என்று அண்ணி நடக்க மறுத்தால் சோம்பல் என்று நினைத்துவிடாதே. லெட்ரோசோலுக்கு அந்தப் பக்கவிளைவு உண்டு, நடந்தால் பலருக்கு வலி குறையவும் செய்கிறது. தாங்க முடியாவிட்டால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல். வேறு மாத்திரை இருக்கிறது. அண்ணி தானாகவே மாத்திரையை நிறுத்த மட்டும் விடாதே.

அன்புடன்,
அத்தை