தப்புக்காரரைக் கூப்பிடு

குண்டசாலை

அன்புள்ள மருமகனுக்கு,

நீயும் உன் கூட்டாளியும் சேர்ந்து செய்த ஹவுஸ் நடன இசை ரீமிக்ஸைக் கேட்டேன். கால் தானாகத் தாளம் போட்டது. ஆனால், எந்த ஊர்ப் பிள்ளைகள் செய்தது என்று பாட்டில் தெரியவில்லை. அதனால்தான் நியூயோர்க்கின் ‘மாஸ்டர்ஸ் அட் வேர்க்’ என்ற ஹவுஸ் இசை இரட்டையரைப் பற்றி எழுதுகிறேன்.

லூயி வேகா பிராங்ஸ்காரர். கெனி ‘டோப்’ கொன்சாலஸ் புரூக்ளின்காரர். டொட் டெரி என்ற இசைத் தயாரிப்பாளர்தான் இருவரையும் சேர்த்துவைத்தார். 1990 அளவில் ஒன்றாக வேலை தொடங்கினார்கள். கெனிக்கு ஹிப்ஹொப் தாளம் கைவந்த கலை. லூயி கிளப்புகளில் ஊறியவர், மெட்டும் ஸ்வரக்கோவையும் அறிந்தவர். ஒருவருக்கு இல்லாதது மற்றவரிடம் இருந்தது. நீங்கள் இருவரும் ஒரே வேலையையே செய்கிறீர்கள், அதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ரீமிக்ஸுக்கு இசைத்தட்டுக் கம்பெனி பாட்டை அனுப்பினால், பெரும்பாலும் பாடகரின் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் புதிதாகக் கட்டுவார்கள். ‘டப்’ வடிவத்தில் அந்தக் குரலிலும் ஓரிரு துண்டுதான் மிஞ்சும். செயின்ட் எட்டியென் என்ற இசைக்குழுவின் ஒரு பாட்டை அப்படித்தான் ஆட்டக்காரர்களுக்கு உரியதாக மாற்றினார்கள்.

இவற்றையெல்லாம்விட நான் பெரிதாக மதிப்பது 1997இல் வந்த ‘நியூயோரிக்கன் சோல்’ தொகுப்பை. பழைய ஒலிகளை வெட்டி ஒட்டுவதோடு நிற்காமல், டீட்டோ புவென்டே, எடி பல்மியேரி, ரோய் ஏயர்ஸ், ஜோர்ஜ் பென்சன் போன்ற மூத்தவர்களையே ஸ்டூடியோவுக்கு அழைத்து வாசிக்கவைத்தார்கள். லூயியின் மாமன் எக்டர் லவோ புகழ்பெற்ற சல்சா பாடகர். வீட்டில் கேட்டு வளர்ந்த இசையை லூயி ஒளிக்கவில்லை, ஹவுஸுக்குள் கொண்டுவந்தார்.

நம் வீட்டு இசை எது? தேயிலைத் தோட்டத்துத் தப்புப் பறை. நெருப்பில் காய்ச்சிய தோல், ஒரு கையில் தடித்த குச்சி, மறு கையில் மெல்லிய நீளக் குச்சி. தடித்தது அடியைக் கொடுக்கும், மெல்லியது அதன் இடைவெளிகளை நிரப்பும். நிமிடத்துக்கு 120 அடி என்று ஓடும் உங்கள் கிக் டிரம்முக்கு மேல் அந்த மெல்லிய குச்சியின் சத்தம் எப்படி நிற்கும் என்று கேட்டுப் பார்த்தாயா? தோட்டத்துக் காமன் கூத்தில் விடிய விடிய அடிப்பவர்களைவிட நல்ல ஆசிரியர் உனக்குக் கிடைக்கமாட்டார்.

இணையத்தில் கிடைக்கும் தப்புச் சத்தத்தைத் திருடாதே. விடுமுறைக்கு இங்கே வா, ஒரு தப்புக்காரரை அழைத்துப் பதிவுசெய்வோம். அவருக்கு உரிய கூலியைக் கையில் கொடு, பாட்டில் அவர் பெயரைப் போடு.

அன்புடன்,
மாமா