விழும் என்று தெரிந்தே வாங்கும் கன்சோல்

பிள்ளைக்குக் கையடக்க கேம் கன்சோல் வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு தயக்கம் இருக்கும். எது உடையாமல் தாங்கும் என்பது ஒன்று. உறுதியானது என்றாலே பொம்மை மாதிரி இருக்குமே, இரண்டு வருஷம் போனால் பையன் "இது பாப்பா சாமான்" என்று ஒதுக்கிவிடுவானே என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது தயக்கம் கன்சோல் செய்யும் கம்பெனிகளுக்கும் நாற்பது வருஷமாக இருக்கிறது. குழந்தை கைக்கு ஏற்ற மாதிரி செய்தால் பெரியவர்கள் மத்தியில் பெயர் கெடுமா என்று அவர்களும் யோசித்துத்தான் ஒவ்வொரு முறையும் அச்சு வார்க்கிறார்கள். அவர்கள் யோசித்து எடுத்த முடிவுகளின் பலனை நம் வீட்டுப் பிள்ளைகள் அனுபவிக்கிறார்கள். அதனால் அந்தக் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. கதையில் பெரும்பகுதி ஜப்பானின் கியோட்டோவிலிருந்து வரும் நின்டெண்டோவைப் பற்றியது. குழந்தைகளை மனதில் வைத்து இத்தனை காலம் தொடர்ந்து கன்சோல் செய்த கம்பெனி வேறு இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுதியாகச் செய்ததால் எந்த கன்சோலுக்கும் பெயர் கெட்டதாக எனக்குத் தெரியவில்லை. பொம்மைத் தோற்றத்தால் சில சமயம் கெட்டிருக்கிறது. அந்தத் தோற்றத்துக்குப் பயந்து உறுதியில் கைவைத்தபோது அதைவிட மோசமாகியிருக்கிறது.

நல்ல உதாரணம் 1985-இல் அமெரிக்காவுக்குப் போன பெட்டி. அதற்கு இரண்டு வருஷம் முன்பு நின்டெண்டோ ஜப்பானில் ஃபேமிகாம் என்ற கன்சோலை விட்டிருந்தது. சிவப்பும் வெள்ளையுமாகப் பார்த்தவுடனே விளையாட்டுச் சாமான் என்று தெரியும் உருவம். கேட்ரிட்ஜை மேலிருந்து நேராகச் செருக வேண்டும், அவ்வளவுதான். அதே சமயம் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. கடைக்காரர்கள் கேம் என்ற பேச்சையே கேட்க விரும்பவில்லை. ஆகவே அங்கே அனுப்பிய கன்சோலின் தோற்றத்தையே மாற்றினார்கள். சாம்பல் நிறப் பெட்டி, முன்பக்கம் ஒரு மூடி, வீடியோ கேசட் பிளேயர் போல உள்ளே தள்ளி அழுத்தும் அமைப்பு. பெயரையும் 'என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்' என்று வைத்தார்கள். வரவேற்பறை டிவிக்குப் பக்கத்தில் கௌரவமாக உட்கார வேண்டும் என்பது நோக்கம்.

அந்தக் கௌரவத்துக்கு விலை உள்ளே இருந்தது. கேட்ரிட்ஜைத் தள்ளிக் கீழே அழுத்தும்போது 72 முனைகள் கொண்ட ஓர் இணைப்பான் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் அழுத்தி அழுத்தி அந்த முனைகள் வளைந்து பிடிமானம் போயிற்று. போதாததற்கு, போலி கேட்ரிட்ஜைத் தடுக்க வைத்த பூட்டுச் சிப் ஒன்று வேறு இருந்தது. தொடர்பு ஒரு நூல் விலகினாலும் அது கன்சோலை அணைத்து அணைத்துப் போடும். சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், கேம் வராது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கேட்ரிட்ஜின் அடியில் வாயால் ஊதிப் பழகியது இதனால்தான். ஊதினால் எச்சில் ஈரம் பட்டு உலோகம் அரிக்கும் என்று கம்பெனியே சொல்லியும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் 1993-இல், மேலிருந்து செருகும் பழைய முறைக்கே திரும்பி, பூட்டுச் சிப்பையும் எடுத்துவிட்டு ஒரு புது மாதிரியை விட்டார்கள். விற்பனை என்னவோ பாதிக்கப்படவில்லை; எதிர்த்து நிற்க அப்போது ஆள் இல்லை. ஆனால் பொம்மையாகத் தெரிந்த ஃபேமிகாமுக்கு இந்தத் தொல்லை இல்லை, பெரியவர் வேஷம் போட்ட பெட்டிக்குத்தான் வந்தது என்பதை மறந்துவிடக்கூடாது.

1989-இல் வந்த கேம் பாய் நேர் எதிர். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். நன்றாகப் பழகி, விலை இறங்கிவிட்ட தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பச்சை பூத்த கருப்பு வெள்ளைத் திரை, பின்விளக்கு கிடையாது, நான்கு பென்சில் பேட்டரி, தடித்த பிளாஸ்டிக் உடல். போட்டிக் கம்பெனியான செகாவின் கேம் கியர் வண்ணத் திரையோடு வந்தது. ஆறு பேட்டரியைச் சீக்கிரமே குடித்துத் தீர்த்தது. பார்வைக்கு எது உசத்தி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கேம் பாயும் அதன் வண்ண வடிவமும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றன. வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் கருகி உருகிப்போன ஒரு கேம் பாய் பல வருஷம் நியூயார்க்கில் நின்டெண்டோவின் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. முன்பக்கம் கொப்பளித்துக் கருத்துக் கிடந்தாலும் திரையில் டெட்ரிஸ் ஓடிக்கொண்டிருந்தது. இதைவிடப் பெரிய விளம்பரத்தை எந்தக் கம்பெனியும் காசு கொடுத்துச் செய்ய முடியாது. உறுதி பிராண்டை உயர்த்தும் என்பதற்கு நான் காட்டும் முதல் சாட்சி அந்தக் கருகிய பெட்டி.

அப்படியானால் கேம்கியூப் ஏன் தோற்றது என்று கேட்பார்கள். 2001-இல் வந்தது, ஊதா நிறம், சதுர உருவம், பின்னால் தூக்கிப் போக ஒரு கைப்பிடி. விற்றது 2 கோடியே 17 லட்சம். அதே காலத்தின் பிளேஸ்டேஷன் 2 பதினைந்து கோடிக்கு மேல். சின்னப்பிள்ளைச் சாமான் என்ற பெயர் கேம்கியூபுக்கு ஒட்டிக்கொண்டது உண்மை. ஆனால் கருப்பு பிளேஸ்டேஷனில் வீட்டார் எல்லோரும் டிவிடி படம் பார்க்கலாம். கேம்கியூபில் சின்ன டிஸ்க், படம் ஓடாது. உறுதியான உடலைக் குற்றம் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. நிறமும் உருவமும் ஒரு சேதி சொல்லின, வசதிக் குறைவு அதை உறுதிப்படுத்தியது.

உறுதியும் அழகும் ஒன்றாக வரும் என்பதை 2003-இல் அதே கம்பெனிதான் காட்டியது. கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி மூடித் திறக்கும் மாதிரி. மூடினால் திரை உள்ளே போய்விடும், பள்ளிக்கூடப் பையில் சாவியோடும் காம்பஸோடும் கிடந்தாலும் கீறல் விழாது. பார்க்கவோ அந்தக் காலத்து மடக்கு செல்போன் போல இருந்ததால், வேலைக்குப் போகிறவர்கள்கூடச் சட்டைப் பையிலிருந்து கூச்சமில்லாமல் எடுத்தார்கள். அடுத்து வந்த டிஎஸ்-ம் அதே மடிப்புதான். 15 கோடியைத் தாண்டி விற்றது, மூளைப் பயிற்சி கேம் ஆட தாத்தா பாட்டிகளும் வாங்கினார்கள்.

2013-இல் வந்த 2டிஎஸ் இன்னொரு வழி. 3டிஎஸ் கன்சோலின் முப்பரிமாணக் காட்சியை ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்று நின்டெண்டோவே எச்சரித்திருந்தது. அந்தச் சின்னப் பிள்ளைகளுக்காக முப்பரிமாணத்தை எடுத்தார்கள், மடிப்பையும் எடுத்தார்கள். கீல்தான் முதலில் விரிசல் விடும் இடம். கீலே இல்லாவிட்டால் எது உடையும்? பலகை போன்ற ஒற்றை உடல். இரண்டு திரை போலத் தெரிவதும் உள்ளே ஒரே திரைதான், நடுவில் பிளாஸ்டிக் மூடியிருக்கிறது. கதவுக்கு முட்டுக் கொடுக்கும் ஆப்பு என்று பெரிய ரசிகர்கள் கேலி செய்தார்கள். அந்தக் கேலி கம்பெனியின் பெயரைத் தொட்டதாகத் தெரியவில்லை, ஏனென்றால் மடிக்கும் மாதிரியும் பக்கத்திலேயே விற்பனையில் இருந்தது. குழந்தைக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்தால் ஒன்றின் பெயர் மற்றதைக் கெடுக்காது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். ஸ்விட்ச் கன்சோலை 2016-இல் அறிமுகம் செய்த படத்தில் குழந்தைகளையே காட்டவில்லை. மொட்டைமாடி விருந்துக்குக் கன்சோலைத் தூக்கிப் போகும் இளைஞர்கள்தான். ஆனால் பொருளுக்குள் குழந்தை நினைப்பு இருந்தது. வாயில் போட்டுவிடக்கூடாதே என்று விரல்நுனி அளவுள்ள கேம் கார்டின் மேல் டினடோனியம் பென்சோயேட் என்ற கடும் கசப்பைப் பூசியிருக்கிறார்கள். நாக்கில் பட்டால் துப்பாமல் இருக்க முடியாது. பெரியவர்களுக்கு விளம்பரம், குழந்தைக்குப் பாதுகாப்பு. இரண்டும் மோதவில்லை.

மோதியது வேறு இடத்தில். ஸ்விட்ச்சின் பக்கவாட்டில் மாட்டும் ஜாய்கானில் உள்ள கட்டைவிரல் குச்சிக்குள், கார்பன் பூசிய பட்டையின் மேல் ஒரு சின்ன உலோகத் துடைப்பான் உரசிக்கொண்டே போகும். உரச உரசக் கார்பன் தேயும், தூசியும் சேரும். அப்புறம் யாரும் தொடாமலே ஆட்டத்தில் ஆள் ஒரு பக்கமாக நடக்க ஆரம்பிப்பான். 2019-இல் அமெரிக்காவில் வழக்கு வந்தது. 2020-இல் கம்பெனித் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா வாடிக்கையாளர்களிடம் வருத்தம் தெரிவித்தார். 2021-இல் ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பான பியூக் ஏறக்குறைய 25,000 புகார்களைத் திரட்டி ஐரோப்பிய ஆணையத்துக்குப் போனது. 2023-இல்தான், வாரன்ட்டி முடிந்தாலும் அங்கே இலவசமாகச் சரிசெய்து தருவதாக நின்டெண்டோ ஒப்புக்கொண்டது. குண்டுவீச்சில் பிழைத்த கேம் பாயின் பெயரோடு வந்த கம்பெனி என்பதால்தான் மக்களுக்கு இவ்வளவு கோபம். உறுதிக்குப் பேர் வாங்கினால் எதிர்பார்ப்பும் அதே அளவுக்கு ஏறிவிடும்.

வாங்குகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விழுந்து உடைவது வேறு, ஆடி ஆடித் தேய்வது வேறு. கடையில் எல்லோரும் முதலாவதைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆறு வயதுக்குக் கீழ் விழுவதுதான் பெரிய ஆபத்து. எட்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் கன்சோலை அவ்வளவாகக் கீழே போடுவதில்லை, ஆனால் அந்தக் குச்சியை முறுக்கித் தள்ளிவிடுவார்கள்.

ஆறேழு வயதுப் பிள்ளைக்குப் பழைய 2டிஎஸ் நல்ல நிலையில் கிடைத்தால் அதை இன்றும் சொல்வேன். கேம் கார்டுகளையும் தேடி வாங்க வேண்டியிருக்கும். அதன் ஆன்லைன் கடை 2023-இல் மூடிவிட்டது, பெரும்பாலான ஆன்லைன் ஆட்டமும் 2024-இல் நின்றுவிட்டது. அந்த வயதில் இரண்டு மூன்று கேம் போதும், ஆன்லைன் ஆட்டம் நின்றுபோனது பெற்றோருக்கு நிம்மதிதான்.

எட்டிலிருந்து பத்து வயதுக்குப் பலரும் ஸ்விட்ச் லைட்டைத்தான் கை காட்டுவார்கள். 2019-இல் ஸ்விட்ச்சுக்கு மூன்றில் இரண்டு பங்கு விலையில் வந்தது. 275 கிராம், ஒற்றை உடல், கழற்றும் பாகம் இல்லை, திரையும் பிளாஸ்டிக் என்பதால் கீறல் விழுமே தவிரச் சில்லாகச் சிதறாது. விழுவதைப் பொறுத்தவரை இதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் குச்சி தேய்ந்தால் கழற்றி மாற்ற வழியில்லை. கன்சோல் முழுவதையும் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும். டிவியிலும் இணைக்க முடியாது. அதனால் வீட்டில் ஒரே பிள்ளை, கையில் வைத்துத் தனியாக ஆடுகிறவன் என்றால் லைட். அக்கா தம்பி இருவர் என்றால் சாதாரண ஸ்விட்ச். அதில் ஜாய்கான் போனால் ஜாய்கானை மட்டும் மாற்றலாம். முதல் மாதிரியின் பின்னால் இருக்கும் தாங்கு கால் மிகவும் மெல்லியது. தட்டினால் கழன்று வந்துவிடும், திரும்ப மாட்டலாம் என்றாலும் ஒருநாள் தொலைந்துபோகும். ஓஎல்இடி மாதிரியில் பின்பக்கம் முழுக்க அகலமான தாங்கு கொடுத்திருக்கிறார்கள். அதன் திரை கண்ணாடி. மேலே சிதறாமல் பிடிக்கும் ஒரு படலம் ஒட்டியே வரும். பாதுகாப்பு ஸ்டிக்கர் என்று நினைத்து அதை உரித்துவிடாதீர்கள். 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-க்கும் இதே எச்சரிக்கை உண்டு. அது 7.9 அங்குலத் திரை, ஜாய்கானோடு அரைக் கிலோவைத் தாண்டும். பத்து வயதுக்குக் கீழ் உள்ள கைக்கு அது பாரம் என்பது என் எண்ணம்.

பதின்மூன்று வயதுக்கு மேல் தோற்றம் உண்மையிலேயே முக்கியம். அதைப் பெற்றோர் அற்பமாக நினைக்கக்கூடாது. நண்பர்கள் முன் எடுக்கக் கூச்சப்படும் பொருள் அலமாரியில்தான் கிடக்கும். அந்த வயதுக்கு வால்வ் கம்பெனியின் ஸ்டீம் டெக் பொருந்தும். கருப்பு உடல், 640 கிராமுக்குக் குறையாத எடை, யாரும் குழந்தைச் சாமான் என்று சொல்ல முடியாது. குழந்தைக்கென்று செய்யாவிட்டாலும் உறுதியைப் பற்றி வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள்: திருகைக் கழற்றி உள்ளே போகலாம், குச்சி முதலான உதிரிபாகங்களை ஐஃபிக்ஸிட் நிறுவனம் வழியாகத் தனியாக விற்கிறார்கள். உடையாமல் இருப்பதைப் போலவே, உடைந்தால் சரிசெய்ய முடிவதும் உறுதிதான். குறடும் திருகுளியும் பிடிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு அதுவே ஒரு பாடம்.

நின்டெண்டோ, ஸ்டீம் டெக் இரண்டையும் நம் ஊர்க் கடைகளில் வாங்கும்போது, வாரன்ட்டி கம்பெனியுடையதா, கடைக்காரர் தானே தருவதா என்று கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள். மேலே சொன்ன ஐரோப்பிய இலவச சர்வீஸ் நமக்குப் பொருந்தாது. பழைய ஸ்விட்ச்சோ லைட்டோ வாங்குகிறீர்கள் என்றால் காசு கொடுக்கும் முன் செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய், குச்சியைச் சரிபார்க்கும் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். வட்டத்துக்குள் ஒரு குறி தெரியும். குச்சியை எல்லாப் பக்கமும் ஒருமுறை சுற்றிவிட்டுக் கையை எடுங்கள். குறி நடுவுக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். நடுங்கினாலோ ஓரமாக நகர்ந்தாலோ, விலையை எவ்வளவு குறைத்தாலும் அந்தக் கன்சோலை எடுக்காதீர்கள்.